சுங்கச் சண்டை கட்டிக் கொடுத்த துறைமுகம்

கேள்வி: தூத்துக்குடியில் சரக்குக் கப்பல் கிளியரிங் வேலையில் இருக்கிறேன். பக்கத்துப் பக்கத்து நாடுகள் மாறிமாறி வரியைக் கூட்டுகிற செய்தி வந்தால் போதும், எங்கள் அலுவலகத்தில் வாக்குவாதம் தொடங்கிவிடும். பெரிய நாடு கதவைச் சாத்தினால் சின்ன நாடு பணிந்துதான் ஆகவேண்டும் என்பது எங்கள் மேலாளரின் கட்சி. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இப்படி நிறைய நடந்ததாகப் படித்திருக்கிறேன். உண்மையில் யார் ஜெயித்தார்கள்? அறுந்துபோன வணிகம் மறுபடி ஒட்டியதா?

— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் மேலாளர் போடுகிற கணக்கைத்தான் 1925-ல் பெர்லினில் இருந்த அதிகாரிகளும் போட்டார்கள். காகிதத்தில் அது சரியான கணக்குத்தான். முந்தைய ஆண்டில் போலந்தின் ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஜெர்மனிக்குப் போயிருந்தது. ஜெர்மனியின் வணிகத்திலோ போலந்துக்கு ஒரு சிறு மூலைதான். கதவைச் சாத்தினால் யாருக்கு முதலில் மூச்சு முட்டும் என்பதில் பெர்லினுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அப்படித் தொடங்கிய சுங்கப் போர் ஒன்பது ஆண்டு நீண்டது. முடிந்தபோது போலந்து மூழ்கியிருக்கவில்லை. அதன் கையில் தொடக்கத்தில் இல்லாத ஒரு பெரிய துறைமுகம் இருந்தது. அதனால் உங்கள் கேள்விக்கு இந்த ஒரு வழக்கை எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

எல்லாம் நிலக்கரியில் தொடங்கியது. முதல் உலகப் போர் வரை மேல் சைலீசியாவின் சுரங்கங்கள் ஜெர்மனிக்குள் இருந்தன. அங்கே வெட்டிய கரி ரயிலேறி பெர்லினுக்கும் பிரெஸ்லாவுக்கும் போகும். அது ஒரே நாட்டுக்குள் நடந்த போக்குவரத்து. 1921 மார்ச்சில் அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய அறுபது விழுக்காட்டினர் ஜெர்மனியோடு இருக்கவே வாக்களித்தனர். ஆனால் ஊருக்கு ஊர் முடிவு வேறாக இருந்தது. அதனால் சர்வதேச சங்கம் பகுதியை இரண்டாகப் பிரித்தது. போலந்துக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. சுரங்கங்களிலோ முக்கால் பங்குக்கு மேல் வந்து சேர்ந்தன. கோடு தொழில் வட்டாரத்தின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு போனது. சுரங்கம் ஒரு நாட்டில், அதன் கரியை எரித்துவந்த ஆலை மறு நாட்டில்.

இப்படி வெட்டிய இடத்தில் ரத்தம் கொட்டாதிருக்க 1922 மே மாதம் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அதன்படி மூன்று ஆண்டுகளுக்குப் போலந்துப் பக்கத்து மேல் சைலீசியாவின் பொருள்கள் வரியில்லாமல் ஜெர்மனிக்குள் போகலாம். கரிக்கு அளவு மாதம் 5 லட்சம் டன். இதைத் தவிர வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் கையை வேறொரு விதத்திலும் கட்டியிருந்தது. போரில் வென்ற நாடுகள் எல்லாவற்றுக்கும், போலந்துக்கும் சேர்த்து, மிகவும் சலுகை பெற்ற நாடு என்ற தகுதியை ஐந்து ஆண்டுகளுக்கு அது கொடுத்தாக வேண்டும். இந்தக் கட்டு 1925 ஜனவரி 10-ல் அவிழ்ந்தது. கரிச் சலுகை அதே ஆண்டு ஜூன் 15-ல் முடிந்தது. இரண்டு தேதிகளையும் பெர்லின் நாள்காட்டியில் குறித்து வைத்துக் காத்திருந்தது என்றே சொல்லலாம்.

ஜூன் பாதியில் போலந்துக் கரிக்கு ஜெர்மன் எல்லை ஏறக்குறைய மூடிக்கொண்டது. போலந்து பதிலுக்கு ஜெர்மன் பொருள்களுக்குத் தடைப் பட்டியல் போட்டது. ஜெர்மனி வரியை ஏற்றியது, போலந்து பட்டியலை நீட்டியது. பேச்சுவார்த்தை நின்றுவிடவில்லை, ஆனால் மேசைமேல் இருந்தது வணிகம் மட்டும் அல்ல. போலந்தில் ஜெர்மன் குடிமக்கள் குடியேறித் தொழில் செய்யும் உரிமை வேண்டும், ஜெர்மானியர் சொத்துகளைக் கைப்பற்றுவதை நிறுத்த வேண்டும் என்று பெர்லின் கேட்டது. வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெஸமானின் பார்வை இன்னும் தூரம் போனது. 1925 அக்டோபரில் லொக்கார்னோவில் மேற்கு எல்லைகளுக்கு உறுதி கொடுத்த அவர், கிழக்கு எல்லைக்குக் கொடுக்கவில்லை. போலந்தின் பொருளாதாரம் நெருக்கடியின் உச்சத்துக்குப் போகட்டும், அப்போது எல்லையைத் திருத்துவது பற்றிப் பேசலாம் என்பது அவர் போட்ட திட்டம். சுங்கவரி இங்கே வணிகக் கருவியாக இருக்கவில்லை. வரைபடத்தை மாற்றும் கருவியாக எடுக்கப்பட்டது. வணிகத் தகராறு என்றால் விலை பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எல்லையைக் கேட்டால் எந்த அரசு விலை சொல்லும்? இந்தச் சண்டை ஒன்பது ஆண்டு இழுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதல் சுற்றில் பெர்லினின் கணக்கு பலித்தது போலத்தான் இருந்தது. போலந்தின் புதிய நாணயமான ஸ்லோட்டி பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பணவீக்கத்தை அடக்கி அதைக் கொண்டுவந்த பிரதமர் கிராப்ஸ்கி, சுவிஸ் பிராங்குக்குச் சமமாக அதன் மதிப்பை வைத்திருந்தார். 1924-ல் விளைச்சல் வேறு பொய்த்திருந்தது. அதன்மேல் கரி ஏற்றுமதி நின்றதும் ஸ்லோட்டி தாங்கவில்லை. நவம்பரில் கிராப்ஸ்கி பதவி விலகினார். பதிவு செய்த வேலையற்றோர் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டியது. முழுப் பழியையும் சுங்கப் போரின் தலையில் போடுவது நியாயம் இல்லை. நாணயம் முன்பே நோயாளிதான், சுங்கப் போர் அதன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஆனாலும் 1926 ஏப்ரலில் யாராவது உங்கள் மேலாளரிடம் கேட்டிருந்தால், நான் அப்போதே சொன்னேனே என்றிருப்பார்.

மே மாதம் எல்லாம் மாறியது. மாற்றியவர்கள் போலந்துக்காரர்களும் அல்ல, ஜெர்மானியரும் அல்ல. பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள். கூலிக் குறைப்பை ஏற்க மறுத்ததால் சுரங்க முதலாளிகள் கதவடைத்தார்கள். அதையொட்டிப் பொதுவேலைநிறுத்தம் வந்தது. பொதுவேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்தாலும் சுரங்கத் தொழிலாளர்கள் நவம்பர் வரை தாக்குப் பிடித்தார்கள். சுவீடன், டென்மார்க், நார்வே எல்லாம் காலம் காலமாகப் பிரிட்டன் கரியை எரித்த நாடுகள். அவற்றுக்கு உடனடியாகக் கரி வேண்டும். சைலீசியாவில் விற்காத கரி மலையாகக் கிடந்தது. பிரிட்டனுக்கே போலந்துக் கரி போயிற்று. அதே மே மாதத்தில் வார்சாவில் மார்ஷல் பில்சுட்ஸ்கி ராணுவப் புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்தார். புதிய அரசு உட்காரும்போதே கையில் அந்நியச் செலாவணி விழத் தொடங்கியது. இது திறமையா என்றால், இல்லை, சுத்தமான அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டம் ஆறேழு மாதத்துக்குத்தான் நீடிக்கும். அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் திறமை இருந்தது.

கரி இருந்தது, வாங்க ஆளும் கிடைத்தார்கள், ஏற்றுவதற்குத் துறை வேண்டுமே? நீங்கள் துறைமுகத் தொழிலில் இருப்பவர் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

போலந்துக்குக் கடலோரம் என்று கிடைத்தது ஒரு குறுகிய பட்டை. அதன் இயற்கையான துறைமுகம் டான்சிக். அதையோ வெர்சாயில் யாருக்கும் கொடுக்காமல் சர்வதேச சங்கத்தின் பாதுகாப்பில் சுதந்திர நகரம் ஆக்கிவிட்டார்கள். நகரவாசிகளில் பெரும்பாலோர் ஜெர்மானியர். சுங்கத்தில் அது போலந்தோடு ஒரே வட்டம், மனத்தில் வேறு. 1920-ல் சோவியத் படைகள் வார்சாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, போலந்துக்கு வந்த போர்த் தளவாடங்களை இறக்க டான்சிக் துறைமுகத் தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். இன்னொருவர் வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும் என்ற நிலை எவ்வளவு ஆபத்தானது என்பது அன்று போலந்துக்கு விளங்கியது. 1922-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, டான்சிக்குக்கு வடக்கே க்டினியா என்ற மீனவக் கிராமத்தில் துறைமுகம் கட்ட முடிவு செய்தது. 1921 கணக்குப்படி அங்கே இருந்தவர்கள் சுமார் 1,300 பேர். இடத்தைத் தேர்ந்தவரும் கட்டியவரும் பொறியாளர் ததேயுஷ் வெண்டா. 1923 ஆகஸ்டில் கென்டக்கி என்ற பிரெஞ்சுக் கப்பல் தற்காலிக மரத்துறையில் வந்து கட்டியது. அதன் பிறகு பணம் இல்லாமல் வேலை நொண்டியது. 1924-ல் அந்தத் துறை கையாண்ட சரக்கு மொத்தமே சுமார் 10,000 டன்.

சுங்கப் போர் வந்திராவிட்டால் அது அப்படியே ஒரு சின்னத் துறையாக இருந்துவிட்டிருக்கலாம். சைலீசியக் கரி தரைவழியே பெர்லினுக்குப் போகும்போது அதைக் கடலுக்குக் கொண்டுபோக யார் செலவழிப்பார்கள்? பெர்லின் வாசலைச் சாத்தியதால்தான் கடலோரத்தில் கொட்டிய காசுக்குக் கணக்கு ஒத்துவந்தது. 1926 ஜூனில் தொழில், வணிக அமைச்சரான எவ்கேனியுஷ் க்வியாட்கோவ்ஸ்கி இதைப் புரிந்துகொண்ட மனிதர். கட்டுமானத்தை முடுக்கினார். அரசுக் கப்பல் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டு, பிரான்சிலிருந்து ஐந்து கரிக் கப்பல்களை வாங்கியது. வில்னோ, கட்டோவிட்சே, கிராக்கூவ், போஸ்னான், தோருன் என்று ஊர்ப் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். 1930-ல் க்டினியாவின் சரக்கு சுமார் 36 லட்சம் டன், 1938-ல் 90 லட்சம் டன்னுக்கு மேல். 1930-களின் நடுவில் பால்டிக் கடலிலேயே அதிகச் சரக்கு கையாளும் துறை அதுதான். 1939-க்குள் கிராமத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

துறை இருந்தால் போதாது, ரயிலும் வேண்டும். சைலீசியாவிலிருந்து வடக்கே போகும் பழைய பாதை ஜெர்மன் மண்ணின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டு போனது. முதலில் அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு ஒரு துண்டுப் பாதை போட்டார்கள். பிறகு கரிக்காகவே நேராகக் கடல் வரை ஒரு முதன்மைப் பாதை. உலகப் பொருளாதார மந்தத்தில் பணம் வற்றியபோது 1931-ல் பிரெஞ்சு முதலீட்டாளர்களோடு சேர்ந்து ஒரு நிறுவனம் அமைத்து வேலையை முடித்தார்கள். 1933-ல் முழுப் பாதையும் திறந்தது.

இதில் இரண்டு வேடிக்கைகள் உண்டு. ஜெர்மன் மனநிலை கொண்ட டான்சிக், ஜெர்மனி தொடங்கிய சுங்கப் போரால் முதலில் கொழுத்தது. போலந்துக் கரி அதன் வழியாகவும் போனதால் 1920-களின் இறுதியில் அதன் சரக்கு போருக்கு முந்தைய அளவைப்போல மூன்று மடங்கைத் தாண்டியது. பிறகு க்டினியா வளர்ந்து போட்டிக்கு வந்ததும், எங்கள் பிழைப்பில் மண் விழுகிறது என்று சர்வதேச சங்கத்திடம் புகார் கொண்டுபோனது. இரண்டாவது, போலந்துப் பக்கத்துச் சைலீசியச் சுரங்கங்களில் கணிசமானவை ஜெர்மன் முதலாளிகளுக்குச் சொந்தம். பெர்லின் தடுத்த கரியில் ஒரு பங்கு ஜெர்மானியரின் சொந்தக் கரி. எல்லைக்கோடு மக்களைப் பிரித்ததே தவிர, பங்குப் பத்திரங்களைப் பிரிக்கவில்லை.

ஜெர்மனிக்குள்ளும் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. இயந்திரம், ரசாயனம் செய்கிற தொழிலதிபர்களுக்குப் போலந்துச் சந்தை வேண்டும். எல்பே ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பெருநிலக்கிழார்களுக்குப் போலந்துப் பன்றியும் ரை தானியமும் எல்லை தாண்டவே கூடாது. தடைக்குக் கால்நடை நோய் என்று காரணம் சொல்வது வசதியாக இருந்தது. சண்டைக்கு நடுவே தேவைப்பட்ட இடத்தில் ஓட்டையும் போட்டுக்கொண்டார்கள். மரத்துக்கு மட்டும் 1927-ல் தனி ஏற்பாடு, ரை தானியத்தை வெளிநாட்டில் போட்டி போட்டு விலை கெடாமல் விற்க 1930-ல் ஓர் உடன்பாடு. அதே ஆண்டு மார்ச்சில் முழு வணிக ஒப்பந்தமே கையெழுத்தானது. போலந்து நாடாளுமன்றம் 1931-ல் ஒப்புதல் கொடுத்தது. ஜெர்மனி கடைசி வரை கொடுக்கவில்லை. நிலக்கிழார்களின் கை ஓங்கியிருந்தது.

இதையெல்லாம் கேட்டு, சின்ன நாடு ஜெயித்துவிட்டது என்று உங்கள் அலுவலகத்தில் கொடி பிடித்துவிடாதீர்கள். வெற்றிக்கான ரசீதையும் பார்க்க வேண்டும். ஸ்காண்டிநேவியச் சந்தையில் பிரிட்டனோடு போட்டி போட, போலந்து தன் கரியை அடிமாட்டு விலைக்கு விற்றது. அரசு ரயில் துறைமுகம் போகும் கரிக்குச் சலுகைக் கட்டணம் போட்டது. வெளியே விட்டதை உள்ளே பிடிக்க, சுரங்க முதலாளிகளின் கூட்டணி உள்நாட்டு விலையை உயர்த்தி வைத்தது. கோபன்ஹேகன் வீட்டுக்காரர் போலந்துக் கரியில் மலிவாகக் குளிர் காய்ந்தார். சைலீசியாவில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்கள், 1930-களில் காட்டோரம் தாங்களாகவே குழி தோண்டி, மண் சரிந்து சாகும் ஆபத்தோடு திருட்டுத்தனமாகக் கரி எடுத்தார்கள். புதுத் துறைமுக நகரத்தில் நவீன வெள்ளைக் கட்டடங்களுக்குப் பின்னால் பலகைக் குடிசைகள் முளைத்தன. அந்தச் சேரிகளுக்குப் பீகிங், மெக்சிகோ என்றெல்லாம் மக்கள் பெயர் வைத்தார்கள்.

பிடித்த சந்தையும் முழுதாக நிலைக்கவில்லை. 1933-ல் பிரிட்டன் தன் சந்தையின் பலத்தைக் காட்டி ஸ்காண்டிநேவிய நாடுகளோடு ஒப்பந்தம் போட்டது. உன் வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் நான் வாங்க வேண்டும் என்றால் நீ என் கரியை வாங்கு என்பதுதான் சாரம். டென்மார்க் தன் கரித் தேவையில் 80 விழுக்காட்டைப் பிரிட்டனிடமே வாங்கச் சம்மதித்தது. அடுத்த ஆண்டு போலந்து பிரிட்டனோடு கரி உடன்பாட்டுக்கு வந்து, போட்டியைக் கட்டுக்குள் வைக்க ஒப்புக்கொண்டது.

அப்புறம் சுங்கப் போர் எப்படி முடிந்தது? பொருளாதார அறிவு வந்து முடியவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு, தற்காலிகமாகப் போலந்தோடு சமாதானம் அவருக்குத் தேவைப்பட்டது. 1934 ஜனவரி 26-ல் ஒருவர் மீது ஒருவர் படையெடுப்பதில்லை என்ற அறிவிப்பில் கையெழுத்திட்டார்கள். மார்ச் 7-ல் சுங்கப் போரை நிறுத்தும் ஆவணம் கையெழுத்தானது. அரசியல் தொடங்கியதை அரசியலே முடித்தது. சமாதானத்துக்குப் பிறகும் வணிகம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 1932-லேயே போலந்தின் ஏற்றுமதியில் ஜெர்மனியின் பங்கு ஆறில் ஒன்றாகச் சுருங்கியிருந்தது. அதற்குள் போலந்தின் பன்றி இறைச்சி லண்டன் காலைச் சாப்பாட்டில் இடம் பிடித்திருந்தது, டின்னில் அடைத்த ஹாம் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. போலந்துக்கு அப்பால் இருந்த ஜெர்மன் பகுதியான கிழக்குப் பிரஷ்யாவுக்கு ஜெர்மன் ரயில்கள் போலந்து வழியாகப் போகும் கட்டணத்தைப் பெர்லின் பாக்கி வைத்தபோது, 1936 தொடக்கத்தில் போலந்து அந்த ரயில்களைக் குறைத்தது. பத்தாண்டுக்கு முன் அந்தத் தைரியம் அதற்கு வந்திராது.

உங்கள் மேலாளருக்கு ஆதரவாகவும் ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். 1932-ல் அயர்லாந்தின் ஆட்சித் தலைவர் டி வலேரா, பழைய நிலக் கடனுக்காகப் பிரிட்டனுக்குக் கட்டிவந்த ஆண்டுத் தொகையை நிறுத்தினார். பிரிட்டன் அயர்லாந்தின் கால்நடைகள் மீது 20 விழுக்காடு வரி போட்டது. அயர்லாந்துக்குத் துறைமுகங்கள் இருந்தன, வாங்குவதற்குத்தான் வேறு ஆள் இல்லை. அதன் ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதி பிரிட்டனுக்கு மட்டுமே போனது. கன்றுகளை அடித்துத் தோலைக் காட்டினால் விவசாயிக்கு அரசு காசு கொடுக்கும் நிலை வந்தது. 1935-ல் பிரிட்டன் கரிக்கு ஈடாக அயர்லாந்து மாடு என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். 1938 ஏப்ரலில் ஒரு கோடி பவுண்டை மொத்தமாகக் கட்டிக் கணக்கை முடித்தார் டி வலேரா. ஆனால் அதே உடன்பாட்டில் பிரிட்டன் கையில் இருந்த மூன்று கடற்படைத் துறைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தோற்றார் என்றும் சொல்ல முடியாது, பட்ட அடியை மறைக்கவும் முடியாது.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. நாட்டின் அளவை வைத்து யார் பணிவார்கள் என்று சொல்லிவிட முடியாது. சரக்குக்கு வேறு வாசல் உண்டா, அந்த வாசலைத் திறக்கும் வரை தாக்குப் பிடிக்கப் பணம் உண்டா என்று பார்க்க வேண்டும். போலந்துக்குக் கடல் இருந்தது, பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்களின் புண்ணியத்தில் அவகாசமும் கிடைத்தது. அந்த அவகாசம் இல்லாமல் இருந்தால் 1926-ல் ஸ்ட்ரெஸமானின் கணக்கே பலித்திருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெர்லின் கேட்ட எல்லைத் திருத்தம் சுங்கவரியால் ஓர் அங்குலம்கூட நடக்கவில்லை. ஆக, பெரிய நாடு தோற்றது. சின்ன நாடு ஜெயித்தது, ஆனால் அந்தச் செலவைக் கரி வாங்கி எரித்த அதன் சொந்தக் குடும்பங்கள் கட்டின.

அறுந்தது ஒட்டியதா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தத் தலைமுறையில் ஒட்டவில்லை. 1939 செப்டம்பரில் போரே வந்துவிட்டது. ஆனால் இன்று போலந்தின் ஏற்றுமதியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஜெர்மனிக்குத்தான் போகிறது.